கதவுக்கு வரி உண்டு, விரலுக்கு மை இல்லை

போன மாதம் இந்தப் பக்கத்தில் ஒரு யோசனை சொல்லியிருந்தேன். தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறி வரும் சாலை ரிங்லெட்டைத் தொடும் இடத்தில் ஒரு பெரிய பலகை நட வேண்டும். கேமரன் மலையில் குடியிருக்கிறவர்கள் போன வருடம் கட்டிய வரி எவ்வளவு, அதில் அந்தப் பணத்தைச் செலவழிக்கிறவர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாதவர்கள் கட்டியது எவ்வளவு என்று அதில் எழுதி வைக்க வேண்டும். ஸ்ட்ராபெரி படம் போட்ட பலகைகளுக்கு நடுவே இதற்கும் ஓர் இடம் இருக்கும். வந்த கடிதங்களில் பாதி கோபம், பாதி ஆசை. இந்த மாதம் முழுப் பக்கமும் அவற்றுக்கே.

பலகை வைத்தால் வாக்கு வந்துவிடுமா?
– ஓர் ஆசிரியை, பிரிஞ்சாங்

வராது, டீச்சர். பலகைக்குக் கைகால் கிடையாது, வாய் மட்டும்தான் உண்டு. ஆனால் அது இராப்பகலாகப் பேசும்.

வாஷிங்டன் நகரத்தைப் பாருங்கள். அமெரிக்காவின் தலைநகரம், ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் குடியிருக்கிறார்கள். மற்ற அமெரிக்கர்களைப் போலவே கூட்டரசுக்கு வருமான வரி கட்டுகிறார்கள். நாடாளுமன்ற மேலவையில் அவர்களுக்கு ஆளே இல்லை. கீழவையில் ஒரு பிரதிநிதி உட்காரலாம், பேசலாம். மசோதா நிறைவேறும் நேரத்தில் வாக்களிக்க முடியாது. 2000-ஆம் ஆண்டு அந்நகரம் தன் கார் எண் தகடுகளிலேயே 'பிரதிநிதித்துவம் இல்லாத வரி' என்று பொறித்துக் கொடுக்கத் தொடங்கியது. அதிபர் கிளின்டன் பதவியின் கடைசி நாட்களில் தம் காரில் அதை மாட்டினார். அடுத்து வந்த புஷ் கழற்றினார். 2013-ல் ஒபாமா திரும்ப மாட்டினார். 2017-ல் நகரத்தார் அந்த வாசகத்துக்கு முன்னால் 'முடிவு கட்டுங்கள்' என்று ஒரு சொல்லைக் கூட்டினார்கள்.

உரிமை இன்னும் வரவில்லை. ஆனால் சிக்னலில் நிற்கும் ஒவ்வொரு வண்டியும் பின்னால் நிற்கிறவரிடம் அந்தச் செய்தியைச் சொல்கிறது. பின் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, "அப்பா, அப்படின்னா என்ன?" என்று கேட்கிறது. அந்தக் கேள்வி நம் ஊரிலும் பிறக்க வேண்டும். உங்கள் வகுப்பிலேயே பிறக்கட்டும்.

இந்த முழக்கத்துக்கும் தேயிலைக்கும் சம்பந்தம் உண்டாமே?
– லாரி ஓட்டுநர், ரிங்லெட்

உண்டு, நெருங்கிய சம்பந்தம். 1773 டிசம்பர் 16-ஆம் தேதி இரவு, பாஸ்டன் துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் ஏறி 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். அது சீனத்துத் தேயிலை. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் போட்ட தேயிலை வரி குடியேற்ற மக்கள் மேல் விழுந்தது. அந்த நாடாளுமன்றத்தில் அவர்களுக்கு ஒரு நாற்காலிகூட இல்லை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த வருடத்துச் சட்டத்தால் தேயிலை விலை உண்மையில் குறையத்தான் இருந்தது. விலை மலிந்தும் வேண்டாம் என்றார்கள், தங்களைக் கேட்காமல் போட்ட வரி என்பதால்.

அதற்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1929-ல், ஜே. ஏ. ரஸ்ஸல் இந்த மலையில் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-ல் பாரத் தோட்டம் வந்தது. காட்டை வெட்டிச் சரிவில் கன்று ஊன்றிய கைகளில் நம்மவர் கைகள் எத்தனை! அவர்களுக்குப் புறப்பட்டு வந்த ஊரிலும் வாக்கு இல்லை, வந்து சேர்ந்த ஊரிலும் இல்லை. பாஸ்டனில் தேயிலை குடித்தவர்கள் கேட்டார்கள். அதைக் கிள்ளியவர்கள் கேட்டால் யாரும் ஆச்சரியப்படக் கூடாது.

எனக்கு நீல ஐசி. ஒவ்வொரு தேர்தலிலும் வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிறேன். என்னையும் 'உரிமை இல்லாதவர்' கணக்கில் சேர்த்துவிட்டீர்களே?
– குடும்பத் தலைவி, தானா ராத்தா

அக்கா, உங்களுக்கு இரண்டு வாக்கு இருக்கிறது. ஒன்று நாடாளுமன்றத்துக்கு, ஒன்று பகாங் சட்டமன்றத்துக்கு. மூன்றாவது வாக்கைத்தான் நான் தேடுகிறேன்.

வருடத்துக்கு இரண்டு முறை சுக்காய் பிந்து பில் வருகிறதல்லவா? பெயரே சொல்கிறது, கதவு வரி. தமிழில் மதிப்பீட்டு வரி என்று எழுதுகிறோம். அந்தப் பணம் போய்ச் சேருவது மாவட்ட மன்றத்துக்கு. கணக்கு எளிது. உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு 6,000 வெள்ளி கிடைக்கும் என்று மன்றம் மதிப்பிடுகிறது என்று வையுங்கள். விகிதம் 8 விழுக்காடு என்று வைத்தால் வருடத்துக்கு 480, அரையாண்டுக்கு 240. ஆண்டு மதிப்பில் 35 விழுக்காடு வரை போகலாம் என்று 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. கட்டாமல் விட்டால் வாரண்டோடு வந்து வீட்டுச் சாமானைப் பறிமுதல் செய்யவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது.

இவ்வளவு வலுவான கையை நீட்டும் மன்றத்தில் யார் உட்காருகிறார்கள்? தலைவர் ஒருவர், உறுப்பினர்கள் 8-க்குக் குறையாமல் 24-க்கு மிகாமல். எல்லாரையும் நியமிப்பது மாநில அரசு. அவர்களில் ஒருவரையாவது நீங்கள் தேர்ந்தெடுத்ததுண்டா? நீங்கள் மட்டுமல்ல, கோலாலம்பூரின் கோடீஸ்வரரும் தம் மாநகர மேயரைத் தேர்ந்தெடுப்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில் நாடு முழுவதும் ஒரே லயத்தில்தான் குடியிருக்கிறோம்.

ஊராட்சித் தேர்தல் இந்த நாட்டில் எப்போதாவது நடந்ததா? தாத்தா நடந்தது என்கிறார், பாடப் புத்தகத்தில் பார்த்த ஞாபகம் இல்லை.
– ஆறாம் படிவ மாணவர், தானா ராத்தா

தாத்தா சொல்வது சரி. போருக்குப் பிந்தைய மலாயாவில் முதன்முதலில் நடந்த தேர்தலே அதுதான். 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுன், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர். நாடாளுமன்றம் பிறப்பதற்கு முன்பே நகர மக்கள் பெட்டியில் சீட்டுப் போட்டுவிட்டார்கள். 1957-ல் ஜார்ஜ்டவுன் மாநகரானபோது அதன் முதல் மேயர் டி. எஸ். ராமநாதன், நம் தமிழர். பினாங்கில் இன்றும் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது.

1965 மார்ச் 1-ஆம் தேதி அவசரகால விதியைக் கொண்டு ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தினார்கள். இந்தோனேசியாவோடு மோதல் நடந்துகொண்டிருந்த நேரம் அது. நெருக்கடி தீர்ந்ததும் தேர்தல் திரும்பும் என்று பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் வாக்குறுதி கொடுத்தார். மோதல் அடுத்த ஆண்டே முடிந்தது. தேர்தல் திரும்பவில்லை.

இனிமேல் சொல்வதை உங்கள் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஊராட்சிகளை எப்படி நடத்தலாம் என்று ஆராய 1965-லேயே ஓர் அரச ஆணையம் அமைத்தார்கள். தலைவர், செனட்டர் ஆதி நாகப்பன். ம.இ.கா. தலைவர்களில் ஒருவர், நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் கேப்டனாக இருந்த ஜானகியின் கணவர். அந்த ஆணையம் 1968 டிசம்பரில் அறிக்கையைக் கொடுத்தது. தேர்தல் வேண்டும், மக்கள் தேர்ந்தெடுத்த மன்றங்களே வேண்டும் என்றது. ஆளும் கூட்டணியைச் சேர்ந்த ஒருவர், அரசே கொடுத்த பொறுப்பில் இருந்துகொண்டு, அரசுக்கு வசதியில்லாத பதிலை எழுதிக் கொடுத்தார். எனக்கு அந்த மனிதர் மேல் தீராத மரியாதை. அரசாங்கம் அந்தப் பதிலை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தலை மொத்தமாக மூட்டை கட்டியது.

2012-ல் பினாங்கு மாநிலம் தானே சட்டம் போட்டுத் தேர்தலை நடத்திப் பார்க்க முயன்றது. 2014-ல் கூட்டரசு நீதிமன்றம் முடியாது என்றுவிட்டது. கதை அங்கே நிற்கிறது. நீங்கள் பிறந்தது அதற்கு முன்னால் என்று நினைக்கிறேன். நீங்கள் கதவு வரி கட்டத் தொடங்கும் முன் அது நகர வேண்டும்.

தோட்டத்து லயத்தில் இருக்கிறவன் கதவு வரி கட்டுவதில்லை. கம்பெனி நிலம், கம்பெனி வீடு. அவன் ஏன் உங்கள் பலகையில் ஏற வேண்டும்?
– ஓய்வு பெற்ற கிராணி, ஹாபு

கிராணி ஐயா, செக்ரோல் எழுதிய கை உங்களுடையது, உங்களுக்குத் தெரியாததா? நிலத்துக்குக் கம்பெனி கட்டும் பணம் எந்தச் செடியிலிருந்து வருகிறது? அந்தச் செடியில் கத்திரியோ மெஷினோ வைத்து மட்டம் வெட்டுவது யார்? அது போக, அவன் கடையில் வாங்கும் சாமானில் விற்பனை வரி, மோட்டார் சைக்கிளுக்குச் சாலை வரி. 2023-க்கு முன்னால் அந்தச் சாலை வரி வில்லையை வண்டியில் ஒட்டிக்கொண்டுதான் ஓட வேண்டியிருந்தது. வரி கட்டியதை ஊருக்குக் காட்டும் பலகையை அவன் பல வருடமாகச் சுமந்திருக்கிறான்.

பழைய கணக்கையும் எடுங்கள். தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவர 1907-ல் ஒரு குடியேற்ற நிதி ஏற்படுத்தினார்கள். தோட்ட முதலாளிகள் வேலைக்கு வைத்த ஆட்களின் கணக்குப்படி அதற்குப் பணம் கட்டினார்கள். நம் தலையை எண்ணி வசூலித்த பணம் அது. ஆள் கொண்டுவருவது நின்ற பிறகு அது 1958-ல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி ஆனது. 1999-ல் அந்த நிதியையும் சட்டம் போட்டுக் கலைத்தார்கள். மிச்சம் அரசாங்கக் கருவூலத்தில் சேர்ந்தது. அந்தக் காலத்தில் தோட்டத்துக் கள்ளுக்கடையிலும் அரசாங்கத்துக்கு வருமானம் போனது. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடையை மூடு என்பது அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. தன்னிடமிருந்து வரி எடுக்கும் கடையை மூடச் சொல்லித் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. மன்றத்தில் ஓர் ஆள் இருந்திருந்தால் அங்கே கையைத் தூக்கியிருப்பார்.

நான் ஹட்டன் பக்கம் பிறந்தவன். எங்கள் மலையகத்திலும் இதே கதைதானே?
– சமையல்காரர், கம்போங் ராஜா

உங்கள் கதை இன்னும் கொடியது, அண்ணே. 1947 தேர்தலில் மலையகத் தமிழர் ஏழு பேரை இலங்கை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948-ல் குடியுரிமைச் சட்டம் வந்தது, அடுத்த வருடம் வாக்குரிமையும் போயிற்று. அந்நாட்டின் ஏற்றுமதிப் பணத்தில் தேயிலையின் பங்கு பெரியது. ஏற்றுமதி வரியாகக் கருவூலத்துக்குப் போனதும் அந்தக் கொழுந்துதான். கூடை நிறைந்தது, வாக்காளர் பட்டியல் காலியானது. 1964-ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு மனிதர்களைப் பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை முழுதாகக் கிடைக்க 2003 வரை ஆனது.

அதற்குப் பிறகும் ஒரு கதவு சாத்தியே இருந்தது. 1987-ல் வந்த பிரதேச சபைச் சட்டத்தின்படி தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவழிக்க வழியில்லை, அது தனியார் நிலம் என்று. லயத்து ஆள் சபைக்கு வாக்களிக்கலாம், சபை அவர் வீட்டு முன்னால் ஒரு விளக்குப் போட முடியாது. 2018-ல்தான் அதைத் திருத்தினார்கள். நம் மலையிலும் தோட்டத்துச் சாலை, விளக்கு, குப்பை எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு என்பதே நெடுநாள் வழக்கம். தோட்ட கேட்டில் ஊராட்சியின் கை நின்றுவிடுகிறது. அங்கே பிறந்து இங்கே வந்த உங்களுக்கு இரண்டு கேட்டும் தெரியும். இந்தப் பக்கத்துக்கு அதை விரிவாக எழுதி அனுப்புங்கள்.

சிவப்பு ஐசிக்காரர்களுக்கு வரி மட்டும் உண்டா?
– ஒரு பேரன், தானா ராத்தா

முழுதாக உண்டு, தம்பி. வருமான வரிச் சட்டம் ஒருவர் இந்த நாட்டில் எத்தனை நாள் இருந்தார் என்று எண்ணுகிறது. பொதுவாக வருடத்துக்கு 182 நாள் கணக்கு. ஐசியின் நிறத்தைப் பார்ப்பதில்லை. வாக்காளர் பட்டியல் நிறத்தைப் பார்க்கிறது. நிரந்தரவாசி என்று சிவப்பு அட்டை கொடுத்திருக்கிறோமே, அவர்கள் நிரந்தரமாக வாழலாம், நிரந்தரமாக வரி கட்டலாம், வாக்களிக்க முடியாது.

2022 நவம்பர் 19-ஆம் தேதி நான் வாக்களித்த பள்ளியின் வேலியோரம் ஒரு பாட்டி நின்றிருந்தார். பேரனுக்கு முதல் வாக்கு. பதினெட்டு வயதானால் பெயர் தானாகவே பட்டியலில் ஏறும் என்று ஆன பிறகு வந்த முதல் பொதுத் தேர்தல் அது. பையன் உள்ளே போய் வரும்வரை பாட்டி கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் வந்ததும் இடது கை ஆள்காட்டி விரலைப் பிடித்து, முந்தானையில் எச்சில் தொட்டு, அந்த மையைத் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. "நான் கொழுந்து கிள்ளின காலத்துல என் விரலும் இப்படித்தான்யா இருக்கும். சோப்புப் போட்டாலும் போகாது" என்றார். கைப்பையில் அவருடைய ஐசி இருந்தது, எடுத்துக் காட்டினார். சிவப்பு. பிறந்தது தோட்டத்து லயத்தில், மருத்துவச்சி கையில். பத்திரம் எடுக்க யாரும் போகவில்லை. சுதந்திரத்துக்கு முன் பிறந்த எத்தனையோ பேருக்கு இதுதான் கதை. குடியுரிமைக்கு மனுப் போட வேண்டும் என்பது தெரியாமலேயே வருடங்கள் போயின. 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டும் என்றபோது, பல்லாயிரம் தோட்டத் தமிழர் கப்பலேறிப் போனார்கள். பாட்டி போகவில்லை. இந்த மண்ணிலேயே இருந்தார், இங்கேயே வரி கட்டினார்.

நியூசிலாந்தில் நிரந்தரவாசிகள் ஒரு வருடம் குடியிருந்தால் நாடாளுமன்றத் தேர்தலிலேயே வாக்களிக்கலாம். 1975-லிருந்து அப்படித்தான். அந்த நாடு மூழ்கிவிடவில்லை. இங்கோ 2024-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய குடியுரிமைத் திருத்தத்தில், நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளை தானாகவே குடிமகனாகும் வழியையும் எடுத்துவிட்டார்கள். அதே திருத்தத்தில் தாய்மார்களுக்கு நல்லதொரு உரிமையும் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாயின் கண்ணீரைத் துடைத்த கை, அந்தப் பாட்டி போன்றவர்களின் பக்கம் கதவைச் சாத்தியிருக்க வேண்டாம்.

வங்காளதேசத்து ஆளும் நேப்பாளத்து ஆளும் உங்கள் பலகையில் உண்டா? அவர்களுக்கும் ஓட்டுக் கேட்பீர்களா?
– காய்கறித் தோட்டக்காரர், திரிங்காப்

பலகையில் கண்டிப்பாக உண்டு. தோட்டத் துறையில் ஒவ்வோர் அந்நியத் தொழிலாளிக்கும் வருடத்துக்கு ஒரு லெவி உண்டு. முதலாளிதான் கட்ட வேண்டும் என்பது இப்போதைய விதி. ஆனால் லெவி பிறப்பது அவன் இங்கே நிற்பதால்தான். நூறு வருடத்துக்கு முன் நம் பாட்டன் தலையை எண்ணிய மாதிரி இன்று அவன் தலையை எண்ணுகிறார்கள். நம் பாட்டனுக்கு நடந்ததை மறக்காதவர்கள் இவனை எண்ணாமல் விடக் கூடாது.

நாடாளுமன்ற வாக்கு அவனுக்குக் கேட்கவில்லை. ஊராட்சி வாக்கு வேறு விஷயம். ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகளில் ஒரு நாட்டவர் இன்னொரு நாட்டில் குடியிருந்தால் அந்த ஊராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். குப்பை வண்டி வரவில்லை என்றால் நாற்றம் எல்லா நாட்டு மூக்குக்கும் ஒன்றுதான்.

குப்பை, சாக்கடை, தெருவிளக்கு. இதற்கெல்லாம் ஒரு தேர்தலா?
– மளிகைக் கடைக்காரர், பிரிஞ்சாங்

ஆமாம், இதற்கெல்லாம்தான். மலையில் எந்தச் சரிவை வெட்டலாம், ஆற்றோரம் எங்கே கட்டலாம், மழைநீர் எந்த வழியே இறங்கும் என்பது உயிர்ப் பிரச்சினை. 2013 அக்டோபரில் சுல்தான் அபு பாக்கார் அணையைத் திறந்த இரவில் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகள் அடித்துக்கொண்டு போயின, உயிர்கள் போயின. அணையைத் திறப்பது மாவட்ட மன்றத்தின் வேலையல்ல. ஆற்றங்கரையில் யார் குடியிருக்கிறார்கள், அவர்களை யார் எச்சரிப்பது என்பது ஊராருக்கு உள்ள கவலை. அந்தக் கவலையை ஏற்றுக்கொண்டு, வாக்குக் கேட்டு வீடு வீடாக நடந்த ஒரு ஆள் மன்றத்தில் இருந்தால், ஆற்றோரத்தில் எத்தனை வீடு என்று அவருக்குக் காலே சொல்லும்.

தேர்தல் வந்தால் லஞ்சமும் இனச் சண்டையும் வரும். இப்போதிருக்கும் அமைதியே போதாதா?
– ஒரு வாசகர், ரிங்லெட்

நம் தொகுதியையே சாட்சிக்கு அழைக்கிறேன். 2018 பொதுத் தேர்தலில் கேமரன் மலைத் தொகுதியின் முடிவு 597 வாக்கு வித்தியாசத்தில் வந்தது. லஞ்சம் நடந்தது என்று தேர்தல் நீதிமன்றம் அதே வருடம் நவம்பரில் அந்த வெற்றியை ரத்து செய்தது. அப்போது யாராவது, இனி கேமரன் மலைக்கு எம்.பி.யை நியமித்துவிடலாம் என்றார்களா? 2019 ஜனவரி 26-ல் திரும்பத் தேர்தல் வைத்தார்கள். ரம்லி முகமட் நோர் வென்று, நாடாளுமன்றக் கீழவையின் முதல் பூர்வகுடி உறுப்பினரானார். அழுக்கான துணியைத் துவைத்துக் கட்டினோம், எரிக்கவில்லை. ஊராட்சிக்கும் அதே நியாயம் வேண்டும்.

இனச் சண்டை பற்றி: மலாய், சீனர், தமிழர், செமாய்ப் பூர்வகுடி மக்கள் எல்லாரும் ஒரே பள்ளியில் வரிசையில் நின்று எம்.பி.யைத் தேர்ந்தெடுக்க முடிகிறது. சாக்கடைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் எப்படி அடித்துக்கொள்வார்கள்?

உங்கள் பேச்சை இழுத்தால், வரி கட்டுகிறவனுக்கே ஓட்டு என்று ஆகிவிடாதா? கட்ட முடியாத ஏழை எங்கே போவான்?
– சட்டம் படிக்கும் மாணவி, கோலாலம்பூர் (சொந்த ஊர் கம்போங் ராஜா)

இந்த மாதத்தின் ஆகச் சிறந்த கேள்வி உங்களுடையது, அம்மா. நானும் இரண்டு இரவு இதை யோசித்தேன்.

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. குடவோலை முறையில் ஊர் வாரியத்துக்கு ஆள் எடுப்பது எப்படி என்று கல்லில் வெட்டி, வருகிறவர் போகிறவர் பார்க்க வைத்தார்கள். நம் பழைய தமிழ்ப் பலகைகளில் ஒன்று இது என்பேன். அதில் ஒரு விதியைப் படிக்கும்போது எனக்கு மனம் நிறையும்: பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவுக்காரனும் திரும்பக் குடத்தில் பெயர் போட முடியாது. இன்னொரு விதியைப் படிக்கும்போது மனம் சுருங்கும்: கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும். நிலமில்லாதவனின் பெயர் ஓலையில் ஏறாது. பெண்ணின் பெயரும் ஏறாது. அது பிராமண ஊர்ச் சபை. வயலில் இறங்கி உழுதவனுக்கு அங்கே இடமில்லை.

வரியை வாக்கின் விலையாக வைத்தால் நாம் அந்தச் சுவருக்கே திரும்பிப் போவோம். வேலை பார்க்க முடியாமல் லயத்து மூலையில் படுத்திருக்கும் தாத்தாவுக்கும், காட்டையே வீடாகக் கொண்ட செமாய்க் குடும்பத்துக்கும் முழு வாக்கு வேண்டும், ஒரு காசு கட்டாவிட்டாலும். குடியிருப்பதால் வரும் உரிமை அது. அப்படியானால் பலகையில் பணத்தை ஏன் எழுதச் சொல்கிறேன்? "இவர்கள் ஊருக்குப் பாரம்" என்று ஒரு பேச்சு இருக்கிறதே, சிவப்பு ஐசியைப் பார்த்தும் லயத்தைப் பார்த்தும் சொல்கிறார்களே, அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்ல. உரிமைக்கு ஆதாரமாக அல்ல, அவதூறுக்கு மறுப்பாக. பலகையின் கடைசி வரியில் கட்ட முடியாதவர்களின் எண்ணிக்கையையும் சேர்த்தே எழுதுவோம். உங்கள் கடிதம் வந்த பிறகு என் யோசனையில் நான் செய்த திருத்தம் இது.

தமிழ்நாட்டில் இந்தத் தொல்லை இல்லைதானே?
– ஒரு பாட்டியின் மகள், ஹாபு

இருந்தது. சென்னை மாநகராட்சி மன்றத்தை 1973-ல் கலைத்தார்கள். அடுத்த தேர்தல் 1996-ல். இருபத்து மூன்று வருடம் சொத்து வரி கட்டினார்கள், கவுன்சிலர் இல்லாமல். 2016-ல் பதவிக்காலம் முடிந்தபோதும் சென்னை வாக்களிக்க 2022 பிப்ரவரி வரை காத்திருந்தது. ஆனால் அந்த இரண்டாவது முறை அங்கே அரசியல் சட்டத்தில் எழுதிய உரிமை இருந்தது. நீதிமன்றத்தில் போய்க் கேட்க முடிந்தது. நமக்கு அந்த எழுத்தே இல்லை.

பலகை எந்த மொழியில்?
– அச்சகத் தொழிலாளி, தானா ராத்தா

மலாய், தமிழ், சீனம், செமாய். கீழே வங்காளியும் நேப்பாளியும். பலகை பெரிதாகத்தான் ஆகும். நீங்கள் அடித்துக் கொடுங்கள்.

பலகை வரும்வரை சும்மா இருப்பதா?
– தையல்காரர், பிரிஞ்சாங்

வேண்டாம். இருக்கும் சட்டத்திலேயே இரண்டு சாவி இருக்கிறது. ஊராட்சி மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது பொது விதி. எப்போது கூட்டம் என்று கேட்டுப் போய்ப் பின் வரிசையில் உட்காருங்கள். மதிப்பீட்டுப் பட்டியலைப் புதுப்பிக்கும்போது ஆட்சேபம் எழுதிக் கொடுக்கவும் உரிமை உண்டு. அறிவிப்பில் சொல்லும் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். மலாயில் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க இரண்டு இளைஞர்கள் முன்வந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், பில்லையும் எடுத்து வாருங்கள்.

எங்கள் லயத்துக்குத் திரும்பும் இடத்தில் விளக்கு எரியவில்லை. டியூஷன் முடிந்து வரும்போது இருட்டாக இருக்கிறது. யாரிடம் சொல்வது?
– ஐந்தாம் ஆண்டு மாணவி, ஒரு தேயிலைத் தோட்டம்

கண்ணு, விளக்குக் கம்பம் தோட்ட கேட்டுக்கு உள்ளே இருந்தால் ஆபீசில் சொல்ல வேண்டும். வெளியே இருந்தால் மாவட்ட மன்றத்தில். கேட்டுக்கு நேரே இருந்தால் இவர்கள் அவர்களைக் கை காட்டுவார்கள், அவர்கள் இவர்களை. அதனால் இரண்டு இடத்துக்கும் ஒரே கடிதத்தை அப்பாவை எழுதச் சொல், ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொன்றை எனக்கு அனுப்புங்கள். கம்பத்தில் ஓர் எண் போட்டிருக்கும். பகலில் போய்ப் பார்த்து அதையும் எழுது. அதுவரை தனியாக வராதே. அக்காமார்களோடு சேர்ந்து வா.